ஐந்து நோட்டுப் புத்தகம், ஒரே கணக்கு: இ.ஆர்.பி. மென்பொருள் ஓர் அறிமுகம்



படிவம் ஆறு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த முன்னாள் மாணவி ஒருத்தி ஒரு நாள் போன் பண்ணினாள். "சார், பாசிர் கூடாங்குல ஒரு ஃபேக்டரிக்கு ஸ்டோர் கிராணி வேலைக்கு இன்டர்வியூ போனேன். இ.ஆர்.பி. தெரியுமான்னு கேட்டாங்க. முழிச்சிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அது கம்ப்யூட்டர் படிச்சவங்களுக்குத்தானே சார்?"

"இல்லம்மா, நீ படிச்ச வணிகப் பாடந்தான் அது" என்றேன். போனில் அதற்கு மேல் விளக்க முடியவில்லை. ஜொகூரில் தொழிற்சாலை, கிடங்கு, துறைமுகம் என்று எங்கே வேலைக்குப் போனாலும் நம் பிள்ளைகள் இந்தக் கேள்வியைச் சந்திக்கிறார்கள். ஆகவே இந்தக் கட்டுரை.

பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்

இ.ஆர்.பி. என்பதைத் தமிழில் 'நிறுவன வளத் திட்டமிடல்' என்கிறோம். வளம் என்றால் பணம், சரக்கு, இயந்திரம், ஆள், நேரம் எல்லாமே. ஒரு நிறுவனத்தில் விற்பனை, கொள்முதல், கிடங்கு, உற்பத்தி, கணக்கு, சம்பளம் என்று பல பிரிவுகள் இருக்கும். ஒவ்வொரு பிரிவும் தனித்தனி நோட்டில் எழுதாமல், எல்லாரும் ஒரே தகவல் தளத்தில் எழுதி, அதிலிருந்தே படிப்பதற்கான மென்பொருள்தான் இ.ஆர்.பி. ஒரு தகவலை ஒருவர் ஒரு முறை பதிந்தால் போதும், தேவைப்படும் எல்லாருக்கும் அது தெரியும்.

முறுக்குக் கணக்கு

உங்கள் வகுப்பு தீபாவளிக்கு முறுக்கு செய்து விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாக்கெட்டுக்கு 200 கிராம் மாவு தேவை. கவிதா ஆர்டர் எடுக்கிறாள், முகிலன் மாவு வாங்குகிறான். ஸ்டோரில் 6 கிலோ மாவு இருக்கிறது.

கவிதா 50 பாக்கெட் ஆர்டர் பிடித்து வருகிறாள். அதற்கு 10 கிலோ மாவு வேண்டும். கையில் 6 கிலோ இருக்கிறதே என்று முகிலன் 4 கிலோ வாங்கி வருகிறான். கணக்கு சரிதானே? இல்லை. முதல் நாளே இன்னொரு மாணவி 15 பாக்கெட் ஆர்டர் எடுத்துத் தன் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். அதற்கு 3 கிலோ போய்விடும். கண்ணுக்குத் தெரிகிற 6 கிலோவில் பாதிக்கு ஏற்கெனவே சொந்தக்காரர் உண்டு. உண்மையில் 7 கிலோ வாங்கியிருக்க வேண்டும். கடைசியில் 15 பாக்கெட் குறையும். யாரும் தப்பு செய்யவில்லை, ஆனால் வாடிக்கையாளரிடம் தலை குனிய வேண்டியதாகிவிட்டது.

'கையிருப்பு' வேறு, 'ஒதுக்கியது போக மீதம்' வேறு. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டி, எவ்வளவு வாங்க வேண்டும், எப்போது வாங்க வேண்டும் என்று சொல்வதுதான் இந்த மென்பொருளின் ஆதி வேலை. 1960-களில் ஜோசப் ஓர்லிக்கி போன்றவர்கள் இதை 'மூலப்பொருள் தேவைத் திட்டமிடல்' என்ற முறையாக வளர்த்தார்கள். பிறகு கணக்கு, விற்பனை, ஆள் நிர்வாகம் எல்லாம் அதோடு சேர்ந்தன. 1990-இல் கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனம் இதற்கு இ.ஆர்.பி. என்று பெயர் சூட்டியது. இத்துறையில் பெரிய பெயரான எஸ்.ஏ.பி., ஐ.பி.எம்.-இலிருந்து விலகிய ஐந்து பேர் 1972-இல் ஜெர்மனியில் தொடங்கிய நிறுவனம். நம்மவர்களும் இதில் இல்லாமல் இல்லை. சென்னையின் ராம்கோ சிஸ்டம்ஸ் 1990-களிலேயே 'மார்ஷல்' என்ற இ.ஆர்.பி.யை உருவாக்கி விற்றது.

ஓர் ஆர்டர் நடந்து போகும் வழி

தொழிற்சாலைக்கு ஓர் ஆர்டர் வந்தால் என்ன நடக்கும்?

1. விற்பனைப் பிரிவு ஆர்டரைப் பதிகிறது. வாடிக்கையாளர் பழைய பாக்கி வைத்திருந்தால் இங்கேயே எச்சரிக்கை வந்துவிடும்.
2. சரக்கு போதுமா என்று மென்பொருள் பார்க்கிறது. போதாவிட்டால் எது எவ்வளவு குறைகிறது என்று காட்டுகிறது.
3. கொள்முதல் பிரிவு சப்ளையருக்குக் கொள்முதல் ஆணை, அதாவது பி.ஓ. அனுப்புகிறது.
4. லோரி வந்ததும் ஸ்டோர் கிராணி சரக்கை எண்ணிப் பார்த்து, வந்த அளவைப் பதிகிறார். அந்த நொடியே கையிருப்பு கூடும்.
5. உற்பத்தி முடிந்ததும் டி.ஓ. அச்சாகும், சரக்கு கிளம்பும், இன்வாய்ஸ் போகும், பேரேட்டில் வரவும் பற்றும் தானாக விழும்.

சப்ளையர் பணம் கேட்டு இன்வாய்ஸ் அனுப்பும்போது கணக்குப் பிரிவு மூன்றை ஒப்பிடும்: நாம் கேட்டது பி.ஓ.வில், வந்து சேர்ந்தது கிராணியின் பதிவில், அவர் கேட்கும் பணம் இன்வாய்ஸில். மூன்றும் ஒத்துப்போனால்தான் பணம். 100 பெட்டி கேட்டு, 90 பெட்டி வந்து, 100-க்கு இன்வாய்ஸ் வந்தால் அங்கேயே நிற்கும். இரட்டைப் பதிவு முறையைப் படித்த மாணவனுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை பாருங்கள்.

சாக்லேட் இருந்தும் அனுப்ப முடியாத கம்பெனி

நம் செனாயில் ஹெர்ஷி சாக்லேட் தொழிற்சாலை இருப்பது பலருக்கும் தெரியும். 250 மில்லியன் அமெரிக்க டாலர் செலவில் அதைக் கட்டப்போவதாக அந்த நிறுவனம் 2013-இல் அறிவித்தது. அதே ஹெர்ஷி 1999-இல் அமெரிக்காவில் பட்ட பாடு, இன்றும் வணிகக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது.

சுமார் 112 மில்லியன் டாலர் செலவழித்து ஹெர்ஷி ஒரு புதிய அமைப்பை வாங்கியது. எஸ்.ஏ.பி.யோடு இன்னும் இரண்டு நிறுவனங்களின் மென்பொருளும் அதில் இருந்தன. 48 மாதம் எடுக்க வேண்டிய வேலையை 30 மாதத்தில் முடிக்கத் திட்டம் போட்டார்கள். 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது பழைய கணினிகள் தடுமாறும் என்ற பயம் அப்போது எல்லாருக்கும் இருந்தது. 1999 ஜூலையில் மூன்றையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் இயக்கிவிட்டார்கள். அது ஹாலோவீனுக்கு ஆர்டர் குவியும் நேரம். நம்ம ஊரில் தீபாவளிக்கு முந்திய வாரத்தில் கடையின் கல்லாவை மாற்றுகிற மாதிரி.

விளைவு? கிடங்கில் சாக்லேட் இருந்தது, கடைகள் கேட்டன, ஆனால் சுமார் 100 மில்லியன் டாலர் ஆர்டரை நேரத்துக்கு அனுப்ப முடியவில்லை. அந்தக் காலாண்டில் விற்பனை ஏறக்குறைய 12 விழுக்காடு விழுந்தது.

காரணங்களில் ஒன்றாக அப்போது எழுதப்பட்டதை மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். சீசன் நேரத்தில் மிஞ்சும் சரக்கை வைக்க ஹெர்ஷி ஆட்கள் சில தற்காலிக இடங்களைப் பயன்படுத்தி வந்தார்கள். எங்கே என்ன இருக்கிறது என்று பழைய ஆட்களுக்கு வாய்மொழியாகத் தெரியும். அந்த இடங்கள் புதிய அமைப்பில் பதியப்படவில்லை. பதியாத சரக்கு மென்பொருளைப் பொறுத்தவரை இல்லாத சரக்குதான்.

2002-இல் அதே ஹெர்ஷி எஸ்.ஏ.பி.யின் அடுத்த பதிப்புக்கு மாறியது. இந்த முறை நன்றாகச் சோதித்துப் பார்த்து, ஒதுக்கிய செலவைவிடக் குறைவாகவே முடித்தது.

நம் நாட்டில் ஏன் இது அவசரம்?

நம் நாட்டு வரி மாற்றங்களை எண்ணிப் பாருங்கள். 2015 ஏப்ரல் 1-இல் 6 விழுக்காடு ஜி.எஸ்.டி. வந்தது. 2018 ஜூன் 1-இல் அது சுழியமாக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 1-இல் எஸ்.எஸ்.டி. திரும்பியது. ஒவ்வொரு முறையும் எல்லா நிறுவனங்களும் தங்கள் மென்பொருளை மாற்ற வேண்டியிருந்தது.

இப்போது மின்-விலைப்பட்டியல். 2024 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்பனை 100 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களுக்கு இது கட்டாயமானது. 2025 ஜனவரியில் 25 மில்லியனுக்கு மேற்பட்டவை, ஜூலையில் 5 மில்லியனுக்கு மேற்பட்டவை என்று படிப்படியாக இறங்கி வந்தது. இன்வாய்ஸின் விவரம் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் 'மைஇன்வோய்ஸ்' தளத்துக்குப் போய், சரிபார்க்கப்பட்டு, தனி அடையாள எண்ணோடு திரும்பும். ஒவ்வொரு இன்வாய்ஸையும் கையால் தட்டச்சு செய்து அனுப்பினால் ஆள் தாங்காது. அதனால்தான் நடுத்தர நிறுவனங்களும் இன்று தங்கள் கணக்கு மென்பொருளை இந்தத் தளத்தோடு நேரடியாக இணைக்கின்றன.

வகுப்பில் செய்து பார்க்க

கணினி தேவையில்லை. மாணவர்களை ஐந்து குழுவாகப் பிரியுங்கள்: விற்பனை, கொள்முதல், ஸ்டோர், உற்பத்தி, கணக்கு. மேலே உள்ள முறுக்குக் கணக்கைக் கொடுங்கள். முதல் சுற்றில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நோட்டு, மற்றவர் நோட்டைப் பார்க்கக் கூடாது. இரண்டாம் சுற்றில் எல்லாரும் வெண்பலகையில் மட்டுமே எழுத வேண்டும். எங்கே குழப்பம் குறைந்தது என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.

மூன்றாவது சுற்று முக்கியம். ஸ்டோர் குழுவில் ஒருவரை மட்டும் இரகசியமாகக் கூப்பிட்டு, "6 கிலோவை 9 கிலோன்னு எழுதிடு" என்று சொல்லுங்கள். அந்த ஒரு தப்பான எண் கொள்முதல், உற்பத்தி, கணக்கு என்று எல்லா இடத்துக்கும் பரவுவதை அவர்களே பார்ப்பார்கள். தனித்தனி நோட்டில் ஒரு மூலையில் கிடக்கும் பிழை, இங்கே ஒரே நேரத்தில் ஐந்து குழுவையும் கவிழ்த்துவிடும்.

அந்த மாணவிக்கு அடுத்த இன்டர்வியூவில் வேலை கிடைத்தது. "சும்மா டைப் அடிக்கிற வேலைதான் சார்" என்று கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னாள். நான் அவளுக்கு ஹெர்ஷி கதையைச் சொன்னேன். "லோரியில வர்ற பெட்டியை நீ சரியா எண்ணிப் போட்டாத்தான் மேல உட்கார்ந்திருக்கிற மேனேஜர் பார்க்கிற கணக்கு உண்மையா இருக்கும். 90-ஐ 100-ன்னு நீ போட்டா, அவர் 100-ன்னுதான் நம்புவார்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அப்ப நாளைக்கு ஒரு தடவை எண்ணிப் பார்த்துட்டு, இன்னொரு தடவையும் எண்றேன் சார்" என்றாள்.

பயிற்சியை உங்கள் வகுப்பில் நடத்திப் பார்த்து, மாணவர்கள் கேட்ட கேள்விகளை எழுதி அனுப்புங்கள். அடுத்த பகுதியில் சேர்த்துக்கொள்வோம்.