நெடியோர்க்கேற்ற காற்றுருளை

மலைசூழ்ந்த கண்டி மாநகரில் வாழும் நமக்கும் கடலுக்கும் என்ன உறவு என வினவுவார் உளர். பேராதனைப் பாலத்தின்கீழ் ஓடும் மகாவலி கங்கை முடிவிற் சென்று சேர்வது திருகோணமலையின் கொட்டியாரக் குடாவையே. அந்நதியைப் போன்றே எமது பழைய மாணவர் சிலரும் தொழில் நிமித்தமாக அத்திசை சென்றுள்ளனர். அவர்களுள் ஒருவர் நிலாவெளிக் கடலிற் சுழியோடக் கற்றவர். விடுமுறையில் எம் இல்லம் வந்தபோது அவர் கூறிய செய்தியே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

அவர் ஆறடி மூன்றங்குல உயரமுடையவர். அவர்க்குப் பின்னால் இருந்தோர் கரும்பலகையைக் காணாது வருந்தியமையால் வகுப்பிற் கடைசி வாங்கே அவர்க்கு நிலையான இடமாயிற்று. நெடியோன் என்பது திருமாலுக்குரிய பெயர். எனினும் அந்நாளில் வகுப்பார் அதனை இவர்க்கே வழங்கினர். ஒருநாள் இவர் குட்டையான நண்பர் ஒருவருடன் 20 மீற்றர் ஆழத்திற் சுழியோடினார். இருவர் முதுகிலும் ஒரே அளவான உருளை. நண்பரின் உருளையிற் காற்று நிறைய இருக்க, இவருடையது விரைந்து குறைந்தது. அதனைச் சைகையாற் கூற நாணி, மானியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார். முள் செங்கோட்டைத் தாண்டிய பின்னரே நண்பரின் தோளைத் தொட்டார். நண்பர் தம் இரண்டாவது வாய்க்கருவியை நீட்ட, இருவரும் ஒரே உருளையின் காற்றைச் சுவாசித்து மேலே வந்தனர்.

“ஐயா, நெட்டையனுக்கு நீண்ட உருளை வேண்டும் என்கிறார்கள். அதுதானே தீர்வு?” என்று அவர் கேட்டார். நாம் தமிழ் கற்பிப்போர். ஆதலின் விஞ்ஞான ஆசிரியரையும் உடன் வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்த்தோம். கண்ட உண்மை இதுவே: உருளையின் நீளத்தை முதுகு தீர்மானிக்கும், கொள்ளளவை மூச்சுத் தீர்மானிக்கும். இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதே பிழை.

மன்னாரிற் சலாபங் குளித்தோர் கல்லின் பாரத்தால் இறங்கி, மூச்சடக்கி முத்துச்சிப்பி எடுத்தனர். அவர்க்கு உருளையும் இல்லை, இவ்வையமும் இல்லை. 1943ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டில் கூஸ்தோ, கஞ்ஞான் என்னும் இருவரும் சுழியோடி வேண்டியபோது வேண்டிய அமுக்கத்திற் காற்றளிக்கும் கருவியை ஆக்கினர். போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் சிதைவுகளை 1956ஆம் ஆண்டிற் சுவாமி மலையடிக் கடலில் மைக் வில்சன் கண்டதும், அவர் தோழர் ஆதர் சி. கிளார்க் அச்செய்தியை எழுதி உலகறியச் செய்ததும் இத்துறையில் நம் நாட்டின் பழங்கதை.

இனி மூச்சின் கணக்கைக் காண்போம். நீரில் 10 மீற்றர் இறங்குந்தோறும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும். ஆகவே 20 மீற்றரில் அமுக்கம் மும்மடங்கு. போயிலின் விதிப்படி ஒவ்வொரு மூச்சும் உருளையிலிருந்து மும்மடங்கு காற்றை வாங்கும். 12 லீற்றர் உருளையில் 200 பார் அமுக்கத்திற் காற்றிருப்பின் ஏறக்குறைய 2,400 லீற்றர் ஆகும். ஆபத்துக்கென 50 பார் ஒதுக்கினால் எஞ்சுவது 1,800 லீற்றர். நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லீற்றர் சுவாசிக்கும் நண்பர்க்கு 20 மீற்றர் ஆழத்தில் நிமிடத்துக்கு 60 லீற்றர் வேண்டும். அக்காற்று 30 நிமிடம் வரும். 25 லீற்றர் சுவாசிக்கும் எம் மாணவர்க்கோ 75 லீற்றர் வேண்டும். 24 நிமிடத்தில் தீரும். அவர் 15 லீற்றர் உருளையைத் தாங்கினால், ஒதுக்கியது போக 2,250 லீற்றர் கிடைக்கும். அதுவும் சரியாக 30 நிமிடம் வரும். இருவரும் ஒருங்கே இறங்கி ஒருங்கே ஏறலாம்.

உயரத்துக்கேற்ப நுரையீரலின் கொள்ளளவு பெருகும் என்பது மெய்யே. ஆயினும் செலவாகும் காற்று உடலின் பருமன், உழைப்பு, குளிர், அச்சம் ஆகியவற்றைப் பொறுத்தது. அமைதியாக நீந்தும் நெட்டையர், பதறும் குட்டையரினும் குறைவாகச் செலவிடலாம். ஆகவே ஊகித்தல் வேண்டா, அளந்தறிக. 12 லீற்றர் உருளையுடன் 10 மீற்றர் ஆழத்தில் 12 நிமிடம் மெல்ல நீந்துக. 50 பார் குறைந்ததாயின் செலவு 600 லீற்றர். அதனை 12ஆல் வகுக்க 50. அங்கு அமுக்கம் இருமடங்காதலின் மீண்டும் 2ஆல் வகுக்க 25. அதுவே உமது அளவு.

அடுத்து முதுகின் கணக்கு. வெப்பக் கடல்களிற் பெரிதும் வழங்கும் அலுமினிய உருளை ஏறத்தாழ 11 லீற்றர் கொள்ளும். நீளம் சுமார் 66 சென்றிமீற்றர், விட்டம் 18 சென்றிமீற்றர். குட்டையானவர்க்கு இதன் வாய் பிடரியில் இடிக்கும், அன்றேல் அடி பிட்டத்தில் இடிக்கும். நெடியோர்க்கோ முதுகில் இடமுண்டு. மேலும் கீழும் நகர்த்திக் கட்டலாம். கால் தாழ்பவர் சற்று மேலே கட்டுக. தலை தாழ்பவர் சற்றுக் கீழே இறக்குக. உருக்கு உருளையில் ஒரே கொள்ளளவே ஒடுங்கி நீண்டும் பருத்துக் குறுகியும் கிடைக்கும். நீண்டதன் பாரம் முதுகு நெடுகப் பரவும். அலுமினிய உருளை காற்றுத் தீர்ந்ததும் மிதக்க முயலுமாதலின் அதற்கீடாக இடுப்பில் ஈயம் கூடுதலாக வேண்டும். உருக்கில் அத்தொல்லை பெரும்பாலும் இல்லை. எதுவாயினும் முதலில் ஆழமற்ற நீரிற் கட்டிப் பார்த்தல் நன்று.

ஆகவே, நீண்டது வாங்கினால் நெடுநேரம் இருக்கலாம் என்பது பொய். பெரியது வாங்கினால் விரும்பியவாறு இருக்கலாம் என்பதும் பொய். காற்று மிகுந்தாலும் உடல் ஏற்கும் நைதரசனுக்கு எல்லையுண்டு. நேர அட்டவணை உருளையின் பருமனைப் பார்த்து இரங்குவதில்லை. மலைநாட்டார்க்கு இதிற் கூடுதற் கவனம் வேண்டும். கண்டி கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 500 மீற்றர். நுவரெலியா 1,800 மீற்றருக்கும் மேல். உயரத்தில் வளியமுக்கம் குறையவே உடலிற் கரைந்த நைதரசன் குமிழியாகலாம். ஒருமுறை சுழியோடியவர் 12 மணியும், பன்முறை சுழியோடியவர் 18 மணியும் விமானமேறாதிருத்தல் வழக்கு. வீடு திரும்ப மலையேறுவோரும் ஓரிரவு கடற்கரையிற் தங்கிப் புறப்படுதலே அறிவுடைமை.

எம் மாணவர் இப்போது 15 லீற்றர் உருளையுடன் இறங்குகிறார். விரலுக்குத் தக்க வீக்கம் என்பது நம்மவர் பழமொழி. பெருவிரலுக்குப் பெருவீக்கம் இருத்தல் இழுக்கன்று. அவரை உயிராபத்துக்கு அண்மையிற் கொண்டுசென்றது சிறிய உருளை மட்டுமன்று. “எனக்குப் போதவில்லை” எனச் சொல்ல நாணிய மனமுமாகும். கடைசி வாங்கில் இருந்து, விளங்காத பாடத்தை விளங்கியதாகத் தலையசைக்கும் மாணவரை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவர்களும் இதனைப் படிப்பார்களாக. கையுயர்த்திக் கேட்பவர்க்கு வகுப்பிலும் கடலிலும் உதவுவார் உளர்.