'சிப்' மாட்டினா சீறுமா வண்டி?

"மச்சான், ஒரே ஒரு சிப் மாட்டினா போதும்டா... வண்டி சும்மா பறக்கும்!" - மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் பசங்க கூடுகிற கேன்டீனில் அடிக்கடி காதில் விழும் டயலாக் இது. நிஜமாவே பறக்குமா? பறந்தா நல்லதா?

பதில் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். சிங்கப்பெருமாள் கோவில் ஏரியாவே போதும்! பக்கத்து மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில், புது வண்டிகளை உருவாக்கும் மஹிந்திரா ரிசர்ச் வேலி. ஒரகடம் பக்கம் திரும்பினால், வண்டிகளைச் சோதிக்கும் ஜி.ஏ.ஆர்.சி. மையம். அப்படியே ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டினால் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக். டியூன் பண்றவங்க, டெஸ்ட் பண்றவங்க, விரட்டுறவங்க... எல்லாரும் ஒரே ரூட்டில்!

சிப்புனா என்ன?

இன்றைய கார்களின் மூளை, இ.சி.யூ. என்கிற குட்டிக் கம்ப்யூட்டர். எவ்வளவு எரிபொருள் பீய்ச்சணும், எப்போ பீய்ச்சணும், டர்போ எவ்வளவு அழுத்தம் தரணும்... எல்லாமே அதற்குள் அட்டவணைகளாக இருக்கும். இதற்குப் பேர்தான் 'மேப்'. 80, 90-களில் இந்த மேப் இருந்த சிப்பைக் கழற்றிவிட்டு வேற சிப் மாட்டினார்கள். இப்போ பெரும்பாலும் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. போர்ட்டில் லேப்டாப்பைச் சொருகி மேப்பையே மாற்றி எழுதுகிறார்கள். சிப் போயிடுச்சு, பேர் மட்டும் நின்னுடுச்சு!

மார்க்கெட்டில் மூணு ரகம்

ஒண்ணு, மேப்பை மாற்றும் 'ரீமேப்'.

ரெண்டாவது, 'டியூனிங் பாக்ஸ்'. சென்சாருக்கும் இ.சி.யூ.வுக்கும் நடுவில் உட்கார்ந்து பொய் சொல்வதுதான் இதன் வேலை. டீசல் வண்டியில், "அழுத்தம் கம்மியா இருக்கு"னு இது போட்டுக் கொடுக்க, இ.சி.யூ.வும் நம்பி அழுத்தத்தைக் கூட்டும். கூடுதல் டீசல் உள்ளே போகும்.

மூணாவது, சில ரூபாய் ரெசிஸ்டர். பெட்ரோல் கார்களில், உள்ளே போகும் காற்றின் சூட்டை அளக்கும் சென்சார் வயரில் இதைச் செருகினால், "காற்று குளிர்ச்சியா இருக்கு"னு இ.சி.யூ. ஏமாந்து பெட்ரோலைக் கூட்டும். ஆனா, எக்ஸாஸ்டில் இன்னொரு சென்சார், மீதமிருக்கும் ஆக்ஸிஜனை மோப்பம் பிடித்து, சாதாரண ஓட்டத்தில் அதைப் பழைய அளவுக்கே கொண்டு வந்துவிடும். உங்க பர்ஸ் மட்டும் பழைய அளவுக்கு வராது!

கம்பெனி கஞ்சத்தனமா?

"இவ்ளோ பவர் உள்ளே இருந்தா, கம்பெனியே ஏன் தரலை?" நியாயமான கேள்விதான். பதிலுக்கு நம்ம ஊர் ரோடெல்லாம் ஓடிய ஸ்விஃப்ட் டீசலைப் பாருங்க. அதிலிருந்தது ஃபியட் வடிவமைத்த 1,248 சி.சி. இன்ஜின், பவர் 75 பி.எஸ். அதே இன்ஜின் எர்டிகாவில் 90 பி.எஸ். கொடுத்தது. எப்படி? சாஃப்ட்வேரை மட்டும் மாற்றியதால் அல்ல. வேகத்துக்கு ஏற்ப தன் இறக்கைகளின் கோணத்தை மாற்றிக்கொள்ளும் வேற டர்போவைப் பொருத்தினார்கள். 15 பி.எஸ். கூட்ட கம்பெனியே ஹார்டுவேரில் கை வைத்தது. நாம மேப்பை மட்டும் ஏற்றினா, அந்தச் சூட்டையும் அழுத்தத்தையும் அதே பழைய டர்போ, பிஸ்டன், இன்ஜெக்டர், கிளட்ச்தான் தாங்கணும்.

கம்பெனி விட்டு வைக்கிற இடைவெளி சும்மா கிடக்கும் இடம் இல்லை. சித்திரை வெயில், சுமாரான டீசல், ஃபுல் லோடோடு மலை ஏற்றம்... எல்லாவற்றுக்குமான சேமிப்பு அது. ஒரகடம் கம்பெனிகளுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றி ஓடும் டிரைவர் அண்ணன்களை நினைச்சுப் பாருங்க. டர்போ போனால் அன்றைய சவாரியும் போச்சு, இ.எம்.ஐ. மட்டும் நிற்காது. புது வண்டினா வாரன்டி கையை விட்டுப் போகும் ஆபத்தும் உண்டு.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியின் ஒரிஜினல் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றத் தடை போடுகிறது. 2019 திருத்தத்தில் தண்டனையும் சேர்ந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரெண்டுமே!

"வெறும் சாஃப்ட்வேர்தானே"னு அலட்சியமா இருக்காதீங்க. 2015-ல் ஃபோக்ஸ்வாகன் மாட்டியது சாஃப்ட்வேரால்தான். சோதனை நடக்கும்போது மட்டும் நல்ல பிள்ளையாகவும், ரோட்டில் பல மடங்கு நைட்ரஜன் ஆக்ஸைடைக் கக்குவதாகவும் மேப் எழுதியிருந்தார்கள். உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி வண்டிகள்! புகையைக் கூட்டவும் குறைக்கவும் அந்தச் சில கிலோபைட்டுகளால் முடியும்.

அப்போ டியூனிங்கே தப்பா?

இல்லவே இல்லை! 'கேலிபரேஷன் இன்ஜினீயர்'னு ஒரு வேலையே இருக்கு. மேப்பின் ஒவ்வொரு கட்டத்தையும் வெயில், குளிர், மலைனு சோதிச்சு நிரப்புவதுதான் அவங்க பிழைப்பு. நாமும் பழகலாம். ஆர்டுயினோ மெகா போர்டில் ஓடும் 'ஸ்பீடுயினோ' என்ற இ.சி.யூ.வின் டிசைனும் புரோகிராமும் எல்லோருக்கும் திறந்தே இருக்கு. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடந்துவரும் ஃபார்முலா பாரத் போட்டியில், மாணவர் டீம்கள் தாங்களே கட்டிய காரை ஓட்டுகிறார்கள். பெட்ரோல் இன்ஜினுக்குக் காற்று போகும் வழியை 20 மில்லிமீட்டருக்குள் சுருக்கணும்னு ஃபார்முலா ஸ்டூடன்ட் ரூல். அதுக்குள்ள பவர் எடுத்துக் காட்டுறதுதான் நிஜமான டியூனிங்!

ஸோ, அப்பா காரின் ஓ.பி.டி. போர்ட்டில் கை வைக்கும் முன், காலேஜ் லேபில் தூசி படிந்து நிற்கும் அந்த இன்ஜின் டெஸ்ட் ரிக்கில் கை வையுங்க. ரெக்கார்டு நோட்டுக்காக இல்லாம, நிஜமாவே லோடு ஏத்தி எக்ஸாஸ்ட் சூடு எப்படி எகிறுதுனு பாருங்க. 'சிப் மாட்டினா பறக்கும்'னு அடுத்த தடவை யாராவது சொன்னா, "எந்த பார்ட் முதல்ல பறக்கும்?"னு கேட்கத் தோணும்!