பந்து கையைத் தேடி வந்ததா, கை பந்தைத் தேடிச் சென்றதா?

தோட்டப்புறச் சிறுவர்களின் காற்பந்து ஆட்டங்களில் பூசலுக்குப் பெரிதும் காரணமாக இருப்பது எதுவென்று கேட்டால், 'ஹேண்ட்!' என்னும் ஒரு சொல்லே என்று தயங்காமல் கூறிவிடலாம். பந்து ஒரு சிறுவனின் கையில் பட்டதும் திடலைச் சுற்றி நிற்பவர்கள் அனைவரும் ஒரே குரலில் அதனைக் கூவுவர். நடுவர் விசிலை ஊதினாலும் குற்றம், ஊதாவிட்டாலும் குற்றம். பெனால்டி எல்லைக்குள் அது நிகழ்ந்துவிட்டாலோ, ஆட்டத்தின் முடிவே அந்த ஒரு கணத்தில் அடங்கிவிடுகிறது. பதினோரு வயதுச் சிறுவன் ஒருவன் 'கையால் தொட்டு ஏமாற்றியவன்' என்னும் பெயரோடு வீடு திரும்புவதும், பழி ஏதுமின்றித் திரும்புவதும் நடுவரின் தீர்ப்பைப் பொறுத்தே அமைகின்றன. ஆகவே, விதி உண்மையில் என்ன கூறுகிறது என்பதை ஆட்டக்காரர்கள் மட்டுமன்றிப் பெற்றோரும் அறிந்திருத்தல் நலம்.

பந்து கையில் பட்டாலே குற்றம் என்பது பலரின் எண்ணம். அது தவறு. பந்து கையிலோ புயத்திலோ படும் ஒவ்வொரு நிகழ்ச்சியும் குற்றமாகாது என்று காற்பந்து விதிகளின் பன்னிரண்டாம் பிரிவே தெளிவாகக் கூறுகிறது. ஆட்டக்காரர் வேண்டுமென்றே பந்தைத் தொட்டாரா என்பதே முதற்கேள்வி. கை பந்தை நோக்கி நகர்ந்திருந்தால் அது வேண்டுமென்றே செய்ததற்கான அடையாளம். கை இருந்த இடத்திலேயே இருக்க, பந்து வந்து அதன்மேல் மோதியிருந்தால் அவ்வாறு கூற இயலாது. நெடுங்காலமாக நடுவர்களுக்குக் கற்பிக்கப்பட்டு வரும் பாடம் இதுவே.

கை என்பது எங்கிருந்து தொடங்குகிறது? இதிலும் முன்பு குழப்பம் இருந்தது. அக்குளின் அடிப்பகுதிக்கு நேராக ஒரு கோடு இருப்பதாகக் கொண்டு, அதற்குக் கீழே உள்ளதே கை என்று 2020ஆம் ஆண்டில் வரையறுத்தனர். எனவே தோளின் மேற்பகுதியில் பட்ட பந்துக்காக விசில் ஊதுதல் பிழை.

தூரத்தையும் நேரத்தையும் நடுவர் மனத்திற் கொள்ள வேண்டும். நன்கு உதைக்கப்பட்ட பந்து ஒரு விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வருவதாகக் கொள்வோம். உதைத்தவனுக்கும் எதிரே நிற்பவனுக்கும் இடையே 3 மீட்டர் தூரமே இருந்தால், பந்து அவனை அடைய ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரமே ஆகும். கண் கண்டதை மூளை உணர்ந்து, உடல் அசையத் தொடங்குவதற்கே மனிதருக்கு ஏறத்தாழ அவ்வளவு நேரம் தேவைப்படுகிறது. அப்படியிருக்க, அச்சிறுவன் திட்டமிட்டுக் கையை நீட்டினான் என்று எவ்வாறு கூறுவது? மாறாக, 10 மீட்டருக்கு அப்பாலிருந்து உயர்ந்து வரும் பந்தை ஒருவன் நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்று, கடைசியில் கையை உயர்த்தினால், அவனுக்காகப் பரிந்து பேசுவதற்கு இடமில்லை.

நம் வட்டாரத் திடல்களின் தன்மையையும் இங்கே சொல்லியாக வேண்டும். இந்நாட்டில் செம்பனை வணிக முறையில் முதன்முதலாக 1917ஆம் ஆண்டில் பயிரிடப்பட்ட தென்னமரம் தோட்டம், 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்று அழைக்கப்படும் பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்திலேயே உள்ளது. அங்கிருந்து உலு சிலாங்கூர்ப் பக்கம் செல்லச் செல்ல மேட்டு நிலமும் செம்மண்ணும் மிகுதி. கடலோரம் ஜெரம், கோலசிலாங்கூர் பக்கம் வந்தால் களிமண். காய்ந்த செம்மண்ணில் சிறு கல்லொன்றில் பட்ட பந்து, முழங்கால் உயரத்தில் வர வேண்டியது திடீரென்று நெஞ்சு உயரத்திற்கு எழும்பும். மழை பெய்த களிமண் திடலிலோ, சறுக்கும் சிறுவன் விழாதிருக்கக் கைகளை விரிக்கிறான். வெட்டிச் சீராக்கப்பட்ட புல் திடலில் ஆடும் ஆட்டக்காரருக்கு இவ்விரண்டும் அரிதாகவே நேரும். ஆகவே, தொலைக்காட்சியில் கண்ட தீர்ப்பை அப்படியே எடுத்துவந்து தோட்டத்துத் திடலில் பொருத்துவது முறையன்று என்பது நம் கருத்து.

வேண்டுமென்று தொடாவிட்டாலும் குற்றமாகும் நிலைகள் உண்டு. இங்கேதான் பெரியவர்களும் தடுமாறுகின்றனர். ஒருவன் தன் உடலை இயற்கைக்கு மாறாக அகலமாக்கிக் கொண்டு, அவ்வாறு விரிந்த கையில் பந்து பட்டால் அது குற்றமே. 'இயற்கைக்கு மாறாக' என்பதன் பொருளை 2021ஆம் ஆண்டில் செம்மைப்படுத்தினர். அந்நேரத்தில் அவன் உடல் செய்த அசைவினால் கை அங்கே சென்றதா, அவ்வசைவு அதற்கு நியாயமான காரணமாகுமா என்று நடுவர் பார்க்க வேண்டும். ஓடுபவனின் கைகள் வீசுவது இயற்கை. குதிப்பவனின் கைகள் ஓரளவு உயர்வதும் இயற்கை. விழும்போது நிலத்தில் ஊன்றிய கையும் அத்தகையதே. கோல் கம்பத்தருகே நின்றுகொண்டு, வாசலை மறிப்பதுபோல் இரு கைகளையும் விரித்து வைத்திருப்பவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. 2018ஆம் ஆண்டு உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் குரோவேஷியாவின் பெரிசிச் கையில் பந்து பட்டபோது, நடுவர் ஒளிப்பதிவைப் பார்த்த பின்னரே பிரான்சுக்குப் பெனால்டி வழங்கினார். அது சரியா தவறா என்று அதன்பின் பலரும் வாதிட்டனர். ஒளிப்பதிவும் திரையும் உள்ள இடத்திலேயே இந்நிலை என்றால், ஒரே நடுவர் தனியே ஓடும் தோட்டத்து ஆட்டத்தில் சில தீர்ப்புகள் மனத்திற்கு ஒவ்வாமற் போவதில் வியப்பில்லை.

முகத்தை நோக்கி வேகமாக வரும் பந்தைக் கண்டு சிறுவன் கையால் முகத்தை மறைத்துக்கொண்டால் என்ன செய்வது? விதியில் இதற்கெனத் தனி விலக்கு எழுதப்படவில்லை. ஆயினும் அருகிலிருந்து வந்த பந்துக்கு அஞ்சி அனிச்சையாக எழுந்த கைக்கும், பந்தைத் தட்டிவிட எழுந்த கைக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். முந்தியவன் கண்களை மூடித் தலையைத் திருப்புகிறான். பிந்தியவன் பந்தையே பார்க்கிறான். இளையோர் ஆட்டத்தில் இவ்வேறுபாட்டை மதிக்கும் நடுவரையே நாம் நல்ல நடுவர் என்போம்.

கோல் போடுவதில் விதி சிறிதும் இரக்கம் காட்டுவதில்லை. தாக்கி ஆடுபவரின் கையில் பந்து தற்செயலாகப் பட்டு நேரே வலைக்குள் சென்றாலும், அவர் கையில் பட்ட உடனேயே அவரே கோல் போட்டாலும் அந்தக் கோல் செல்லாது. அவருடைய சகாவின் கையில் தற்செயலாகப் பட்டு, பின்பு பந்து அவரிடம் வந்து கோலானால் அது செல்லும். 2019இல் இதற்கு மாறாக இருந்த விதி 2021இல் இவ்வாறு திருத்தப்பட்டது. பழைய விதியை நினைவிற் கொண்டு இன்றும் வாதிடுவோர் உண்டு. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை.

உலகப் புகழ்பெற்ற கைகளும் சில உள்ளன. 1986ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் மெக்சிக்கோவில் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா கையால் தட்டிய பந்தைத் துனீசிய நடுவர் கோல் என்றே ஏற்றார். 2010இல் உருகுவேயின் சுவாரெஸ் கோல் கோட்டின்மேல் நின்று கானாவின் கோலைக் கையால் தடுத்துச் சிவப்பு அட்டை பெற்றார். கானாவின் கியான் அந்தப் பெனால்டியை மேற்கம்பத்தில் அடித்துவிட, இறுதியில் உருகுவேயே வென்றது. இவ்விரண்டையும் திறமை என்று சிறுவர்களிடம் புகழ்ந்துரைப்போர் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துச் சொல்வது நன்று. 2012 செப்டம்பரில் இத்தாலியில் லாசியோ குழுவுக்கு ஆடிய ஜெர்மானியர் குளோசே, நாப்போலிக்கு எதிராகத் தாம் போட்ட கோல் கையில் பட்டுச் சென்றது என்று நடுவரிடம் தாமே கூறினார். கோல் நீக்கப்பட்டது. அவர் குழு அன்று 3–0 என்று தோற்றது.

தண்டனையைப் பற்றியும் தெளிவு வேண்டும். கைக் குற்றத்திற்கு நேரடித் தனியுதை. தன் பெனால்டி எல்லைக்குள் என்றால் பெனால்டி. ஒவ்வொரு கைக் குற்றத்திற்கும் மஞ்சள் அட்டை காட்ட வேண்டும் என்பது வெறும் வழக்கு, விதி அன்று. கையால் கோல் போட முயன்றால் மஞ்சள் அட்டை உண்டு. நிச்சயமான கோலை வேண்டுமென்றே கையால் தடுத்தவர் வெளியேற வேண்டும். வேண்டுமென்று செய்யாத கைக் குற்றத்தால் கோல் தடைப்பட்டு அதற்குப் பெனால்டி வழங்கப்பட்டிருந்தால், 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மஞ்சள் அட்டையே போதும். இளையோர் ஆட்டத்தில் இத்திருத்தம் மிகவும் வரவேற்கத்தக்கது. தற்செயலாகக் கையில் பட்டதற்காகப் பெனால்டியும் கொடுத்து, அழுதுகொண்டே வெளியேறும்படி சிறுவனை அனுப்ப வேண்டிய கட்டாயம் இப்போது நடுவருக்கு இல்லை.

இனி, நம் திடல்களில் நடுவராக நிற்போர் பெரும்பாலும் ஆசிரியரோ, முன்னாள் ஆட்டக்காரரோ, தோட்டத்து இளைஞரோதான். 1974ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் போலந்து–ஹைத்தி ஆட்டத்திற்கு நடுவராக நின்ற சிங்கப்பூரின் கோவிந்தசாமி சுப்பையா போன்றோரும் சிறிய திடல்களிலிருந்தே தொடங்கியிருக்க வேண்டும். ஆட்டம் தொடங்குமுன் இரு குழுத் தலைவர்களையும் அழைத்து, கையைப் பற்றிய விதியை இரண்டு நிமிடம் விளக்கிவிட்டால் பாதிப் பூசல் குறையும். பந்துக்கு அருகே, ஆனால் ஆட்டக்காரர்கள் மறைக்காத கோணத்தில் ஓடுவது அதைவிட முக்கியம். கை நகர்ந்ததா என்பதைப் பின்னாலிருந்து பார்த்து அறிய முடியாது. ஐயம் எழுந்தால் கூட்டத்தின் கூச்சலைக் கேட்டு விசில் ஊதுதல் கூடாது. கண்ணால் காணாததற்குத் தீர்ப்பில்லை. ஆட்டம் தொடரட்டும் என்று கையசைத்து ஓட வேண்டியதுதான்.