மூன்று நாளுக்கு ஒரு நகர்வு

வெலிமடைப் பகுதியின் மேட்டு நிலங்களில் உருளைக்கிழங்கு பயிரிடுவோர் ஓர் உண்மையை நன்கு அறிவார்கள். அறுவடை நாளில் காட்டும் அவசரத்தைவிட, விதைக் கிழங்கைத் தெரிந்தெடுக்கும் நாளில் காட்டும் நிதானமே பெரிது. சதுரங்க ஆட்டத்துக்கும் இவ்வுண்மை பொருந்தும். காய்களை நகர்த்தும் முதற் பத்து முறையை ‘ஆட்டத் தொடக்கம்’ என்று கூறலாம். பின்னர் நடக்கவிருக்கும் போரின் விதைக் கிழங்கு அதுவே.

சதுரங்கம் தனி ஒருவரின் விளையாட்டு என்பதே நம்மிற் பலருடைய எண்ணம். இருவர் எதிரெதிரே அமர்ந்து, பேச்சின்றித் தலையைக் கையில் தாங்கியிருக்கும் காட்சியே நம் மனக்கண்ணில் தோன்றுகிறது. ஆனால் இணையம் வந்த பின்னர், பலர் ஓர் அணியாகக் கூடி, காணாத ஊரிலுள்ள மற்றோர் அணியோடு பொருதும் பழக்கம் பெருகியிருக்கிறது. அத்தகைய அணிப் போட்டியில் ஆட்டத் தொடக்கத்துக்கு என்ன மதிப்பு? தேயிலைத் தோட்டத்து லயன் அறையில், தந்தையின் கைத்தொலைபேசியை மாலையில் மட்டும் கையிற் பெறும் பிள்ளைக்கும் அதில் இடமுண்டா? இவ்விரண்டையும் இங்கே சற்று ஆராய்வோம்.

உலகமே ஓர் அணி

1999ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் திகதி ஒரு விந்தையான போட்டி தொடங்கியது. ஒரு பக்கத்தில் அமர்ந்தவர் அந்நாளில் உலகின் முதல்தர வீரராகத் திகழ்ந்த கரி கஸ்பரோவ். மறுபக்கத்தில் இருந்ததோ உலகம்! 75க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த 50,000க்கும் அதிகமானோர் இணையத்தின் வாயிலாகக் கலந்துகொண்டனர். உலக அணியின் ஒவ்வொரு நகர்வும் வாக்கெடுப்பினால் முடிவாயிற்று. ஏறத்தாழ இரண்டு நாளுக்கு ஒரு முறையே ஆட்டம் ஓரடி முன்னேறியது.

அணிக்கு ஆலோசனை கூற நால்வர் இருந்தனர். பிரான்சின் எத்தியேன் பக்ரோ, அமெரிக்காவில் வாழ்ந்த புளோரின் பெலேக்கான், இரினா க்ரஷ், ஜெர்மனியின் எலிசபெத் பேட்ஸ் ஆகியோர் அவர்கள். நால்வரும் இளைஞர்கள். க்ரஷ் என்னும் பெண்ணுக்கு அப்பொழுது வயது 15.

கஸ்பரோவ் தம் அரசனின் முன்னிருந்த காலாளை இரண்டு கட்டம் நகர்த்தித் தொடங்கினார். உலக அணி, அரசியின் பக்கத்து மந்திரிக்கு முன்னிருந்த காலாளை இரண்டு கட்டம் நகர்த்தி விடை கூறியது. இதற்கு ‘சிசிலியத் தற்காப்பு’ என்று பெயர். எதிரி செய்ததையே தானும் செய்யாமல், பலகையின் நடுவிடத்தைப் பக்கத்திலிருந்து தாக்குவதே இதன் உட்பொருள். வலியவரிடம் சமநிலைக்கு மட்டும் போராடாமல், வெற்றிக்கும் வழி வைத்துக்கொள்வோர் விரும்பும் தொடக்கம் இது.

பத்தாவது நகர்வில்தான் வியப்பு நிகழ்ந்தது. உலக அணி தன் அரசியைத் தன் அரசன் நின்ற நெடுவரிசையில் வந்து நிற்கும்படி நகர்த்தியது. அவ்விடத்திலிருந்து அரசி எதிரியின் இரண்டு காலாட்களை ஒரே வேளையில் அச்சுறுத்தினாள். இந்த நகர்வை ஆராய்ந்து எடுத்துரைத்தவர் க்ரஷ். அதற்கு முன்னர் அறியப்படாத புது வழி அது. கஸ்பரோவின் குதிரை பாய்ந்து ஒரு கோட்டையைக் கைப்பற்றியது. ஆனால் அக்குதிரை மீளவில்லை. இரண்டு காலாட்களும் உடன் வீழ்ந்தன. ஒரு கோட்டைக்கு ஈடாகக் குதிரையும் இரு காலாட்களும். கணக்கு ஏறத்தாழச் சமமாயிற்று. உலகின் முதல்வருக்கு எதிரே ஒரு சிறு பெண்ணின் சிந்தனையும், அதை ஏற்று வாக்களித்தோரின் ஒற்றுமையும் நெஞ்சு நிமிர்ந்து நின்றன. இந்த ஆட்டத்துக்குச் செலவிட்ட உழைப்பைப் போல் வேறெந்த ஆட்டத்துக்கும் தாம் செலவிட்டதில்லை என்று கஸ்பரோவே பின்னர் ஒப்புக்கொண்டார்.

வாராத மடல்

ஆயினும் ஆட்டத்தின் முடிவு வேறாக இருந்தது. காய்கள் குறைந்து, ஒவ்வொரு நகர்வும் உயிர்நிலை ஆகிவிட்ட 58ஆவது கட்டத்தில், க்ரஷ் எழுதிய ஆய்வு மின்னஞ்சற் கோளாறினால் உரிய வேளைக்கு வந்து சேரவில்லை. அவருடைய சொல்லைக் காணாமலே உலகம் வாக்களித்தது. அவர் விரும்பாத நகர்வு வென்றது. அந்த மடல் வந்திருந்தாலும் ஆட்டம் பிழைத்திருக்குமா என்பது வேறு கேள்வி. ஆனால் அதன் பின்னர் உலக அணியின் உள்ளம் உடைந்துபோயிற்று என்பது மெய். ஒக்டோபர் 22ஆம் திகதி, 62ஆவது நகர்வோடு உலகம் தோல்வியை ஒப்புக்கொண்டது.

தொடக்கத்தில் அணியைக் காத்தது கூடிப் பேசிய பேச்சு. முடிவில் அதைக் கைவிட்டதும் அறுந்துபோன பேச்சே. அணிச் சதுரங்கத்தின் பாடம் முழுவதும் இவ்விரண்டு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது.

இருபத்தோர் ஆண்டுகள் கழிந்த பின்னும் இத்துன்பம் தீர்ந்தபாடில்லை. 2020ஆம் ஆண்டில் கொரோனா நோயின் காரணமாக உலகச் சதுரங்கச் சம்மேளனம் தன் ஒலிம்பியாட்டை இணையத்திலேயே நடத்தியது. சென்னை மாநகரின் விசுவநாதன் ஆனந்தும், அப்பொழுது 15 வயதே நிரம்பியிருந்த பிரக்ஞானந்தாவும் இந்திய அணியில் இடம்பெற்றனர். ஆகஸ்டு 30ஆம் திகதி ரஷ்யாவுடன் நடந்த இறுதிப் போட்டியின் முதற் சுற்று 3-3 என்று சமமாயிற்று. இரண்டாம் சுற்றில் இளம் வீரர்களான நிஹால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் இணைப்பு அறுந்ததனால் நேரம் தீர்ந்து தோற்றனர். முறையீட்டின் பின், இரு நாட்டுக்கும் தங்கப் பதக்கம் என்று சம்மேளனம் அறிவித்தது. அந்த விரைவு ஆட்டத்தில் ஒருவருக்குக் கிடைத்தது 15 நிமிடமும் நகர்வுக்கு ஐந்து விநாடியுமே. அத்துணைச் சுருங்கிய நேரத்தில் கம்பி அறுந்தால் கல்வியும் பயிற்சியும் என் செய்யும்?

மலையுச்சியில் ஒரு மரவீடு

உலக வீரருக்கே இந்நிலை என்றால், ஊவா மலைநாட்டுப் பிள்ளைகளின் நிலையைக் கூறவும் வேண்டுமோ! 2021ஆம் ஆண்டில் பாடசாலைகள் மூடிக் கிடந்தபொழுது, பதுளை மாவட்டத்தின் லுணுகலைப் பகுதியில் பெற்றோர் தம் பிள்ளைகளைக் குன்றின் மேலுள்ள காட்டுக்கு அழைத்துச் சென்று, மரத்தின் மீது அமைத்த குடிலில் இருத்தி இணையப் பாடம் கேட்கச் செய்த செய்தி உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. மலைகளுக்கிடையே அலைவரிசை புகாத பள்ளங்கள் வெலிமடையிலும் உண்டு. அங்கே வாழும் பிள்ளையை 15 நிமிட ஆட்டத்தில் இறக்குவது, பாதி வழியில் பாலமில்லாத பாதையில் ஓடச் சொல்வதைப் போன்றது.

ஆனால் மாணவ மணிகள் மனம் தளர வேண்டியதில்லை. இணையச் சதுரங்கத்தில் மற்றொரு வகை உண்டு. ஒரு நகர்வுக்கு ஒரு நாள் அல்லது மூன்று நாள் அவகாசம் தரும் நிதான ஆட்டம் அது. நம் முன்னோர் காலத்தில் தபால் அட்டையில் ஆடிய ஆட்டத்தின் புது வடிவம் என்று கூறலாம். அணிப் போட்டியில் ஒவ்வொருவரும் தமக்கு நிகரான எதிரியோடு, வெள்ளைக் காயில் ஒன்றும் கறுப்புக் காயில் ஒன்றுமாக இரண்டு ஆட்டம் ஆடுவர். இன்ன தொடக்கத்தையே எல்லோரும் ஆடவேண்டும் என்று இரு அணிகளும் முன்னரே உடன்படுவதும் உண்டு. மாலையில் அரைமணி நேரம் அலைவரிசை கிடைத்தாலும் போதும்; கொழும்பிலோ சென்னையிலோ இருக்கும் பிள்ளைக்கு வெலிமடைப் பிள்ளை எவ்வகையிலும் குறைந்ததன்று. மற்றப் பொழுதெல்லாம் பலகையை விரித்து, காயை வைத்து, கையைக் கட்டிக்கொண்டு சிந்திக்கலாம். சிந்தனைக்கு அலைவரிசை வேண்டுவதில்லை அன்றோ!

ஒரு தொடக்கமும் அதன் காரணமும்

புதிதாக அணி சேர்வோருக்கு ‘இத்தாலிய ஆட்டம்’ ஏற்றது. நானூறு ஆண்டுகளுக்கு மேலாக வழங்கிவரும் தொடக்கம் இது. முதலில் அரசனின் முன்னுள்ள காலாள் இரண்டு கட்டம் செல்லும். நடுவிடத்தைப் பிடிக்கவும், மந்திரிக்கும் அரசிக்கும் வழி திறக்கவுமே இந்நகர்வு. எதிரியும் அவ்வாறே செய்தால், குதிரை வெளியே வந்து அவரது காலாளைத் தாக்கும். அவர் தம் குதிரையால் அதைக் காப்பார். மூன்றாவதாக மந்திரி சாய்வாகப் புறப்பட்டு, எதிரி அரசனின் அருகே நிற்கும் ஒரு காலாளைக் குறிபார்க்கும். அந்தக் காலாளுக்கு அரசனைத் தவிர வேறு காவல் இல்லை என்பதே காரணம். பின்னர் அரசனைக் கோட்டையின் பக்கம் ஒதுக்கிப் பத்திரப்படுத்தலாம்.

நகர்வை மட்டும் மனனம் செய்தவன், எதிரி நான்காவது நகர்வில் வழி மாறினால் திகைத்து நிற்பான். காரணத்தை அறிந்தவன் திகைக்கமாட்டான். இதற்கு அண்மைக் காலச் சான்று ஒன்றுண்டு. 2025ஆம் ஆண்டில் நோர்வே நாட்டின் மக்னஸ் கார்ல்சனை எதிர்த்து 1,43,000 பேர் இணையத்தில் ஒன்றுகூடி ஆடினர். காய்களின் தொடக்க நிலையையே மாற்றி வைத்த ஆட்டம் அது. ஏட்டில் படித்த தொடக்கம் எதுவும் அங்கே உதவாது. ஆயினும் 32 நகர்வுகளில் உலகம் ஆட்டத்தைச் சமன் செய்தது. அவர்களுக்குத் துணை நின்றது மனனமன்று, கூட்டுச் சிந்தனையே.

நிதான ஆட்டத்தில் தொடக்கங்களைப் பற்றிய நூலைப் பார்ப்பதைப் பெரும்பாலான போட்டிகளின் விதி அனுமதிக்கிறது. கணினியிடம் நகர்வைக் கேட்பதோ ஏமாற்று ஆகும். நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தில் பிறர் நகர்வு சொல்லித் தருவதும் தகாது. ஆகவே அணியாகக் கூடிப் பேசவேண்டியது போட்டிக்கு முன்னரும் பின்னருமே. முன்னர், எந்தத் தொடக்கம், அது எதற்காக என்று ஆராயவேண்டும். பின்னர், தோற்ற ஆட்டத்தை நடுவில் வைத்து, தோற்ற பிள்ளையை நகையாடாமல், எங்கே பிசகியது என்று தேடவேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். நாள் முழுவதும் கொழுந்து பறித்துக் களைத்து வரும் தாய்க்கும், தோட்டத்தில் மண்வெட்டி பிடித்த தந்தைக்கும் கைத்தொலைபேசி விளையாட்டு என்றாலே வெறுப்பு எழுவது இயல்பு. ஆனால் இந்த விளையாட்டு பிள்ளையிடம் கேட்பது நாளுக்குச் சில நிமிடத் தொலைபேசியும், மிகுந்த பொறுமையுமே. அந்தச் சில நிமிடத்தை மறுக்காதீர்கள். 1999இல் 50,000 பேர் கொண்ட அணிக்கு வழிகாட்டிய சொல், பதினைந்து வயதுப் பெண் ஒருத்தியின் சொல். அடுத்த நல்ல நகர்வு எந்த லயன் அறையிலிருந்து புறப்படும் என்று யார் அறிவார்? அது வேளைக்கு வந்து சேரும்படி பார்த்துக்கொள்வது பெரியவர்களாகிய நம் கடமை.