ஒற்றை வாக்குத் தலைநகர்

மலேசியாவின் கிள்ளானில் குடியிருக்கும் வாக்காளருக்கு இரண்டு வாக்குகள். ஒன்று நாடாளுமன்றத்துக்கு, மற்றது ஷா ஆலாமில் கூடும் சிலாங்கூர் சட்டமன்றத்துக்கு. அதே ஆள் வேலை நிமித்தம் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸுக்கு வீடு மாறி, முகவரியையும் மாற்றிக்கொண்டால் இரண்டில் ஒன்று போய்விடும். கோலாலம்பூருக்குச் சட்டமன்றம் கிடையாது. 11 நாடாளுமன்றத் தொகுதிகள் மட்டுமே உண்டு. நகரை நிர்வகிக்கும் டத்தோ பண்டார் நியமனத்தில் வருகிறவர். கொமுட்டர் ரயிலில் ஒரு மணி நேரம்போல ஆகும் இந்தத் தூரத்துக்குள் குடிமகனின் கையிருப்பு பாதியாகிறது.

பொதுக் கொள்கை படிக்கும் இளைஞர் குழு ஒன்று மலேசியத் தலைநகருக்கு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இத்தகைய குழுக்கள் இப்போது பல நாடுகளில் இருக்கின்றன. டெல்லியில் பிஆர்எஸ் என்ற சட்ட ஆய்வு நிறுவனத்தின் ‘லாம்ப்’ திட்டம் இளம் பட்டதாரிகளை நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு உதவியாளர்களாக அமர்த்துகிறது. கேள்வி நேரத்துக்கான குறிப்பு முதல் தனிநபர் மசோதாவின் வரைவு வரை அவர்கள் கைபடுகிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தில் தேர்வாகிறவர்கள் இரண்டாண்டுகள் அரசுத் துறைகளோடு வேலை செய்கிறார்கள். படிப்பின் ஒரு பகுதியாகத் தலைநகரப் பயணமும் வந்துவிடுகிறது: அவைக்கூடம், அமைச்சகம், ஓர் ஆய்வு நிறுவனம், மாலையில் விருந்து.

மலேசியாவில் அந்தப் பயணம் தொடக்கத்திலேயே இரண்டாகப் பிரிந்துவிடும். அரசியலமைப்பின்படி தலைநகர் கோலாலம்பூர்தான். 1963இல் திறக்கப்பட்ட நாடாளுமன்றக் கட்டடமும் மாமன்னரின் அரண்மனையும் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் பிரதமர் அலுவலகம் 1999இல் தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் தள்ளிப் புத்ராஜெயாவுக்குப் போய்விட்டது. பெரும்பாலான அமைச்சகங்களும் பின்னாலேயே போயின. சட்டம் ஓரிடத்தில் நிறைவேறுகிறது, கோப்பு வேறோரிடத்தில் நகர்கிறது.

மக்களவையின் பார்வையாளர் மாடம் கற்பிப்பதைக் குறைத்துச் சொல்ல முடியாது. 2019 ஜூலை 16 அன்று வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18 ஆகக் குறைக்கும் திருத்தம் அங்கேதான் வாக்கெடுப்புக்கு வந்தது. 222 உறுப்பினர் கொண்ட அவையில் 211 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்து ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. ‘உண்டி 18’ (மலாயில் ‘வாக்கு 18’) என்ற பெயரில் கல்லூரி வயதுப் பிள்ளைகள் நடத்திய இயக்கம் அதற்குப் பின்னால் இருந்தது. சட்டம் நடைமுறைக்கு வரவோ 2021 டிசம்பர் ஆயிற்று. அவையில் எழுந்த கைதட்டலுக்கும் அந்த டிசம்பருக்கும் இடையே என்ன நடந்தது என்று தோண்டினால், கொள்கை படிக்கிறவருக்கு அதுவே ஒரு பருவப் பாடம்.

விருந்தாளியாக வந்து விவரம் சேகரிப்பதில் ஒரு பழைய கதை உண்டு. 1936 டிசம்பரில் இந்திய அரசு மலாயா இந்தியத் தொழிலாளர் நிலையை விசாரிக்க ஒருவரை அனுப்பியது. வலங்கைமானில் பிறந்து, அப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரிதான் அவர். கோலாலம்பூர் அன்று கூட்டு மலாய் மாநிலங்களின் தலைநகர். மந்தநிலைக் காலத்தில் வெட்டப்பட்ட கூலியைப் பழையபடி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று திருப்பித் தரவேண்டும் என்று 1937இல் வெளியான அவருடைய அறிக்கை கேட்டது. அது நல்ல பரிந்துரை. அதே அறிக்கை, அரசு உதவியோடு ஆள் அனுப்புவதை நிறுத்தக் காரணமில்லை என்றும் சொன்னது. அப்போதுதான் உருவாகியிருந்த மலாயா மத்திய இந்தியர் சங்கத்துக்கு இது பெருத்த ஏமாற்றம். மறு ஆண்டே, 1938இல், இந்திய அரசே அந்த ஆள் அனுப்புதலை நிறுத்திவிட்டது.

சாஸ்திரி வந்துபோன நாலரை ஆண்டுக்குள் கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் கொதித்தன. 1941இல் ரப்பர் தோட்டப் பாட்டாளிகள் அலையலையாக வேலைநிறுத்தம் செய்தார்கள். ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் வேலை பார்த்த ஆர். எச். நாதன் அவர்களுக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர். கோரிக்கைப் பட்டியலில் சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி இருந்தது. கள்ளுக்கடையை மூடுவது இருந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோகும் உரிமை எல்லாம் இருந்தன. இன்னொன்றும் இருந்தது: துரையோ தோட்ட எழுத்தரான கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழியவேண்டும்.

கூலிக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர் கண்ணில் அந்தச் சைக்கிள் படாது. தோட்டத்துச் செம்மண் பாதையில் அதை மிதித்துப் போனவனிடம் உட்கார்ந்து பேசினால்தான் அது வெளியே வரும். நாதன் மே மாதம் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை இறங்கியது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள்.

சுதந்திரத்துக்குப் பின் நடந்த விசாரணை ஒன்று வாக்குக் கணக்கோடு நேரே தொடர்புடையது. கோலாலம்பூர் மக்கள் 1952இல் நகராண்மைக்கு வாக்களித்திருக்கிறார்கள். 1961இல் அந்த மன்றம் கலைக்கப்பட்டு ஆணையர் ஒருவர் அமர்த்தப்பட்டார். நாட்டின் மற்ற ஊர்களில் உள்ளாட்சித் தேர்தல் 1965இல், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி, நிறுத்தி வைக்கப்பட்டது. அதே ஆண்டு உள்ளாட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய அரச ஆணையம் ஒன்று செனட்டர் டத்தோ ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள்தான் வேண்டும் என்று 1968இல் முடிந்த அதன் அறிக்கை கூறியது. அரசு ஏற்கவில்லை. ஒரு தமிழர் தலைமையில் இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட ஆவணம் நம்மவர் மேடைகளில்கூட அரிதாகவே பேசப்படுவது வருத்தமான விஷயம்.

தலைநகரவாசிக்கு வாக்கு குறைவது மலேசியாவில் மட்டும் நடப்பதல்ல. வாஷிங்டன் மக்களுக்கு இன்றும் அமெரிக்க நாடாளுமன்றத்தில் வாக்களிக்கும் உறுப்பினர் இல்லை. டெல்லி 1993இல் சட்டமன்றத்தைத் திரும்பப் பெற்றது. காவல்துறையும் நிலமும் இன்னும் மத்திய அரசின் கையில் இருக்கின்றன.

வாக்கு குறையும் இந்த விவகாரம் தரையில் எப்படித் தெரியும்? பிரிக்பீல்ட்ஸுக்குப் போனால் தெரியும். ரயில்வே ஊழியர்களின் பேட்டையாக வளர்ந்த இடம் அது. 2010இல் அன்றைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜிப்பும் சேர்ந்து அங்கே லிட்டில் இந்தியாவைத் திறந்து வைத்தார்கள். தலைவர்கள் பார்த்தது அலங்கார வளைவுகளை. அதே பேட்டையில்தான் மலேசியப் பார்வையற்றோர் சங்கமும் இருக்கிறது. பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன. அவர்களுக்காக நடைபாதையில் மஞ்சள் ஓடு பதித்திருக்கிறார்கள். நீளக்கோடு போட்ட ஓடு என்றால் நேரே போகலாம், புள்ளி வைத்த ஓடு என்றால் நின்று கவனிக்க வேண்டும். கைத்தடியின் நுனி அதைப் படித்துக்கொண்டே போகிறது. ஓட்டின் மேல் ஒரு மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டால் படிப்பு அங்கேயே அறுந்துபோகும். தடி சக்கரத்தில் தட்டும், நடப்பவர் சாலைக்கு இறங்கிச் சுற்றிவர வேண்டும்.

அவர் யாரிடம் முறையிடுவார்? வட்டார மன்ற உறுப்பினர் என்று ஒருவர் இல்லை, சட்டமன்ற உறுப்பினரும் இல்லை. நாட்டின் வரவுசெலவையும் அயலுறவையும் பேச வேண்டிய நாடாளுமன்ற உறுப்பினரிடமே ஓடு விவகாரமும் போய்ச் சேர்கிறது. அவராலும் மாநகர் மன்றத்துக்குக் கடிதம் எழுத முடியும், உத்தரவிட முடியாது. வருகிற குழு அமைச்சக விளக்கவுரை ஒன்றைக் குறைத்துக்கொண்டு, பார்வையற்ற தொழிலாளி ஒருவரோடு சங்கத்திலிருந்து ரயில் நிலையம் வரை நடந்து பார்க்கலாம். அவர் எத்தனை இடத்தில் நிற்கிறார், ஏன் நிற்கிறார் என்று குறித்துக்கொள்ளலாம்.

அந்தக் குறிப்பேட்டோடு அங்கிருந்தே ரயில் ஏறிக் கிள்ளானுக்கும் போகலாம். 2024 பிப்ரவரி 5 முதல் கிள்ளானும் மாநகர். இரண்டு வாக்கு உள்ள ஊர் என்பதால் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையக் கதவைத் தட்ட வழியிருக்கிறது. மாநகர் மன்ற உறுப்பினர்களை மட்டும் அங்கேயும் மாநில அரசுதான் நியமிக்கிறது. உள்ளாட்சித் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்த 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு இன்னும் நடப்பில் இருக்கிறது.