தில்லியில் பிறந்த சலுகை, இந்தியாவிடமிருந்து பறிபோன கதை

புதுதில்லி: வளரும் நாடுகளின் ஏற்றுமதிக்கு, வளர்ந்த நாடுகள் பிரதிபலன் எதிர்பாராமல் வரிச்சலுகை அளிக்க வேண்டும் என்ற கொள்கை, 1968-ஆம் ஆண்டு தில்லியில் கூடிய ஐ.நா. வர்த்தக, வளர்ச்சி மாநாட்டில்தான் தீர்மானமாக ஏற்கப்பட்டது. அந்தச் சலுகையை இந்தியாவிடமிருந்து அமெரிக்கா 2019 ஜூன் 5 அன்று விலக்கிக்கொண்டது. இந்தியா தனது சந்தையை நியாயமான முறையில் திறந்துவிட உறுதியளிக்கவில்லை என்பது அதிபர் டொனால்ட் டிரம்ப் கூறிய காரணம்.

பிரதிபலன் கேட்பதற்கான வழி அமெரிக்கச் சட்டத்திலேயே இருந்தது. 1974-ஆம் ஆண்டு வர்த்தகச் சட்டத்தின்படி 1976-இல் நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.பி. எனும் பொது முன்னுரிமைத் திட்டத்தில், பயன்பெறும் நாட்டின் சந்தை அமெரிக்கப் பொருள்களுக்கு எந்த அளவுக்குத் திறந்திருக்கிறது என்பதும் தகுதிகளுள் ஒன்று. அதைச் சுட்டிக்காட்டி அமெரிக்கப் பால்பொருள் உற்பத்தியாளர்களும் மருத்துவக் கருவித் தயாரிப்பாளர்களும் மனு அளித்தனர். 2018 ஏப்ரலில் மறுஆய்வு தொடங்கியது.

இரு தரப்பினரின் குறைகளும் இந்தியாவில் எளிதில் விட்டுக்கொடுக்கக் கூடியவை அல்ல. கால்நடைகளின் ரத்தம், உள்ளுறுப்புகள் கலந்த தீவனம் உண்ணாத மாட்டின் பால்தான் என்று சான்றளிக்க வேண்டும் என்பது இந்திய நிபந்தனை. இதயத்தில் பொருத்தப்படும் ஸ்டென்ட்களுக்கு 2017 பிப்ரவரியில் உச்ச விலை நிர்ணயிக்கப்பட்டது. அதற்கு முன் லட்சம் ரூபாயைத் தாண்டி விற்ற மருந்து பூசிய ஸ்டென்ட் ரூ.29,600 ஆகக் குறைந்தது. பேச்சுவார்த்தையில், விலை வரம்புக்குப் பதிலாக வணிக லாபத்துக்கு வரம்பு விதிக்கும் முறைக்கு மாறக் கொள்கையளவில் இந்தியா இசைந்தது. ஆனால், பால் சான்றிதழ் விஷயத்தில் சமரசமில்லை என்றது.

இத்திட்டத்தில் மிக அதிகப் பயன்பெற்ற நாடு இந்தியா. 2017-இல் சுமார் 560 கோடி டாலர் மதிப்புள்ள சரக்குகள் வரியின்றிச் சென்றன. எனினும் மிச்சமான வரி ஆண்டுக்கு 19 கோடி டாலர்தான் என்பதால் பாதிப்பு சொற்பமே என்றது மத்திய அரசு.

மொத்தக் கணக்கில் அது உண்மை. ஆனால், நான்கைந்து சதவீத லாபத்தில் தொழில் நடத்தும் சிறு ஏற்றுமதியாளருக்கு மூன்று சதவீத வரியும் பெரும் சுமையே. அச்சுமையைத் தாமே ஏற்றால் லாபம் கரையும். வாங்குபவர் தலையில் வைத்தால், சலுகை நீடித்த வேறொரு நாட்டுக்கு ஆர்டர் போய்விடும்.

அமெரிக்கா 2018-இல் உருக்கு, அலுமினியம் மீது விதித்த வரிக்குப் பதிலடியை அதுவரை பலமுறை தள்ளிவைத்திருந்த இந்தியா, 2019 ஜூன் 16 முதல் பாதாம், ஆப்பிள் உள்ளிட்ட 28 பொருள்களுக்குக் கூடுதல் வரி விதித்தது. அவற்றில் பாதாம், ஆப்பிள் உள்ளிட்ட சிலவற்றின் மீதான வரி 2023-இல் நீக்கப்பட்டது. ஜி.எஸ்.பி. திட்டமோ 2020 டிசம்பர் 31-இல் காலாவதியானது.

நோயாளியின் நலனை விலைபேச மறுத்தது சரியான முடிவே. அதற்கான விலையைச் சிறு ஏற்றுமதியாளர் மீது மட்டும் சுமத்திவிட்டுப் பாதிப்பு சொற்பம் என்று சொல்வது மட்டும் நியாயமாகாது. தேசத்தின் முடிவுக்குரிய செலவைத் தேசம்தான் ஏற்க வேண்டும்.