வெளிறிய திட்டெல்லாம் தேமல் இல்லை!

குழந்தையின் கன்னத்தில் வெளிறிய திட்டு தெரிந்தால், "வயித்துல பூச்சி இருக்கு" என்று பூச்சி மாத்திரை கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். பெரும்பாலும் அது வறண்ட சருமத்தில் வருவது. பூச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

முதுகிலும் மார்பிலும் வருகிற தேமலை நகத்தால் லேசாகச் சுரண்டினால் மாவுபோல உதிரும். வெண்புள்ளி அப்படி உதிராது. பால் வெள்ளையாக இருக்கும். அது யாருக்கும் ஒட்டாது.

படர்தாமரை வட்டமாக, ஓரம் சிவந்து தடித்து, கடுமையாக அரிக்கும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கலவை க்ரீம்கள் பலவற்றில் குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு இருக்கிறது. அரிப்பு சட்டென அடங்கும், பூஞ்சை அடங்காது. வட்டமே கலைந்து, டாக்டருக்கும் அடையாளம் தெரியாதபடி பரவும்.

இவை எல்லாவற்றையும்விட, அரிக்காத திட்டைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். வெளிறியோ செம்பு நிறத்திலோ இருக்கும். அந்த இடத்தில் வியர்வை, முடி குறையலாம். கண்ணை மூடிக்கொண்டு, வேறொருவரைப் பஞ்சால் அங்கே வருடச் சொல்லுங்கள். உணர்வு மங்கியிருந்தால் தொழுநோயாக இருக்கலாம். ஊர் என்ன சொல்லுமோ என்று மறைப்பவர்கள் இன்றும் உண்டு. ஆனால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டு மருந்து சிகிச்சை இலவசம். திட்டுகள் 5 வரை என்றால் பொதுவாக 6 மாதம், அதற்கு மேல் 12 மாதம். மருந்து தொடங்கியதுமே மற்றவர்களுக்குப் பரவும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். தள்ளிப்போட்டால் நரம்பு கெட்டு விரல் மடங்கும். மடங்கிய விரலை மாத்திரையால் நிமிர்த்த முடியாது.